ஒரு கணனிக்குள் இன்னொரு கணனி

எமது பகுதி வீடுகளில் மடிக்கணனி இருந்தால் அது பெரும்பாலும் ஒன்றுதான். பிள்ளைகளின் பாடம், தகப்பனின் வயற்கணக்கு, வெளிநாட்டு உறவுகளுடன் கதைப்பது எல்லாம் அதில்தான். 2009இல் இடம்பெயர்ந்தபோது அல்பங்களைக் கைவிட்டு வந்த குடும்பங்கள், பின்னர் உறவினரிடம் தேடிச் சேர்த்த பழைய படங்களையும் அதில்தான் வைத்திருக்கின்றன. அப்படியான கணனியில் ஒரு பெண்பிள்ளை மென்பொருள் எழுதிப் பழகப் போகிறேன் என்றால் வீட்டார் பயப்படுவதில் நியாயம் உண்டு.

அந்தப் பயம் எங்கள் வீட்டில் வந்ததற்குக் காரணம் நான். லினக்ஸ் இயங்குதளத்தைப் பழகும் ஆசையில், வட்டக்கச்சியில் எங்கள் வீட்டுக் கணனியில் அதனை நிறுவத் தொடங்கினேன். 'வன்தட்டை அழித்துவிட்டு நிறுவுக' என்ற தெரிவை விளங்காமல் அழுத்திவிட்டேன். படங்களைக் கனடாவில் இருக்கும் மாமா திரும்ப அனுப்பினார். அப்பா பதிந்து வைத்திருந்த இரண்டு போகக் கணக்கு திரும்பக் கிடைக்கவில்லை. யாரும் ஏசவில்லை. "இனி அதைத் தொடாதை பிள்ளை" என்று மட்டும் அம்மா சொன்னா. மாதக்கணக்கில் நான் தொடவில்லை.

அப்போது எனக்குத் தெரியாமல் இருந்த வழியைத்தான் இங்கே எழுதுகிறேன். அதன் பெயர் மெய்நிகர் கணனி.

வயலின் ஒரு மூலை

புதிய நெல்லினம் ஒன்றைப் பார்க்க விரும்பும் விவசாயி முழு வயலிலும் அதை விதைப்பதில்லை. ஒரு மூலையை வரம்பு கட்டிப் பிரித்து விதைத்துப் பார்ப்பார். சரிவராவிட்டால் நட்டம் அந்தத் துண்டோடு போய்விடும்.

மெய்நிகர் கணனியும் அப்படித்தான். உங்கள் கணனியின் நினைவகத்திலும் வன்தட்டிலும் ஒரு பங்கை ஒதுக்கி, அதனைத் தனியொரு கணனி போல இயக்குகிறது ஒரு மென்பொருள். விண்டோஸ் வழமைபோல இயங்கிக்கொண்டிருக்க, அதன் திரையில் ஒரு சாளரத்துக்குள் லினக்ஸ் இயங்கும். அந்த லினக்ஸ் தனது வன்தட்டு என்று எண்ணுவது, உண்மையில் உங்கள் கணனியிலுள்ள ஒரு பெரிய கோப்பு மட்டுமே.

ஒன்றைப் பலர் பகிர வேண்டிய தேவையில்தான் இந்த முறை பிறந்தது. 1960களில் கணனி என்பது ஒரு அறையை நிறைக்கும், பெருவிலை கொண்ட இயந்திரம். அதனைப் பலரும் தத்தமக்குத் தனிக்கணனி இருப்பதுபோலப் பாவிக்கும் வழியை ஐபிஎம் நிறுவனம் உருவாக்கி, 1972இல் விஎம்/370 என்ற பெயரில் அறிவித்தது. சாதாரண மேசைக் கணனிகளில் இதனைப் பரவச் செய்தது, 1998இல் அமெரிக்காவில் ஐவர் சேர்ந்து தொடங்கிய விஎம்வெயர் நிறுவனம். அந்த ஐவரில் ஒருவரும், 2008 வரை அதன் தலைமை நிர்வாகியாக இருந்தவரும் டயான் கிறீன் என்ற பெண். கப்பல் வடிவமைப்புப் படித்துவிட்டுக் கணனித்துறைக்கு வந்தவர் அவர்.

மென்பொருள் பழகுபவருக்கு லினக்ஸ் எதற்கு? இணையத் தளங்களைத் தாங்கி நிற்கும் வழங்கிக் கணனிகளில் பெரும்பாலானவை லினக்ஸில் இயங்குகின்றன. உயர்தரத்தில் பைதனும் பிஎச்பியும் படிக்கும் பிள்ளை, நாளை அறிவியல் நகர்ப் பொறியியல் பீடத்துக்குப் போனாலும், வீட்டிலிருந்தே ஒரு நிறுவனத்துக்கு வேலை செய்தாலும் அதனைச் சந்தித்தே ஆகவேண்டும்.

அமைக்கும் முறை

முதலில் உங்கள் கணனி இதற்கு இடம் தருகிறதா என்று பாருங்கள். விண்டோஸில் ராஸ்க் மனேஜரைத் திறந்து, பேர்போமன்ஸ் பகுதியில் சிபியு என்பதை அழுத்தினால், 'வேர்ச்சுவலைசேஷன்' என்ற சொல்லுக்கு நேரே 'எனேபிள்ட்' என்று இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பயோஸ் அமைப்பில் அதனை இயக்கவேண்டும். தெரிந்த ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு செய்வது நல்லது.

அடுத்து வேர்ச்சுவல் பொக்ஸ் என்ற மென்பொருளைத் தரவிறக்குங்கள். ஜேர்மன் நிறுவனம் ஒன்று உருவாக்கி, 2007இல் திறந்த மூலமாக வெளியிட்ட இது, 2010 முதல் ஒராக்கிள் நிறுவனத்திடம் உள்ளது. பணம் கட்டத் தேவையில்லை.

பின்னர் லினக்ஸின் நிறுவற் கோப்பு வேண்டும். உபுண்டு 24.04 ஏறத்தாழ 6 ஜிகாபைற். டேற்றாவுக்குச் செலவாகும் என்பதால் ஒருவர் தரவிறக்கி, பென் டிரைவ் மூலம் மற்றவர்களுக்குக் கொடுக்கலாம். இது கட்டற்ற மென்பொருள் என்பதால் அப்படிப் பகிர்வது சட்டப்படி சரியே.

வேர்ச்சுவல் பொக்ஸில் 'நியூ' என்பதை அழுத்தி, அந்தக் கோப்பைக் காட்டுங்கள். தானாக நிறுவும் வசதியைத் தவிர்த்துவிட்டால் ஒவ்வொரு படியையும் கண்ணால் பார்த்துப் பழகலாம். உங்கள் கணனியின் நினைவகம் 8 ஜிகாபைற் என்றால் 4 ஒதுக்கலாம். பாதிக்கு மேல் கொடுத்தால் விண்டோஸ் திணறும். மொத்தமே 4 என்றால் 2 ஒதுக்கி, உபுண்டுவுக்குப் பதிலாக டெபியனைப் பாரமற்ற எக்ஸ்எஃப்சிஇ திரையுடன் நிறுவுங்கள். வன்தட்டில் 25 ஜிகாபைற் போதும்.

நிறுவும்போது அதே கேள்வி வரும்: வன்தட்டை அழிக்கவா? இம்முறை தயங்காமல் சம்மதிக்கலாம். அழியப்போவது அந்த ஒரு கோப்பின் உட்பகுதி மட்டுமே. படங்களுக்கும் கணக்குக்கும் ஒன்றும் ஆகாது.

நிறுவி முடிந்ததும் 'ஸ்னப்ஷொட்' ஒன்று எடுத்து வையுங்கள். அந்த நேரத்து நிலை அப்படியே பதிவாகிவிடும். பிறகு எதையாவது குழப்பிவிட்டால் சில நிமிடங்களில் அந்த நிலைக்குத் திரும்பலாம். ஆனால் ஸ்னப்ஷொட்டுக்குப் பிறகு எழுதியவை போய்விடும் என்பதால், எழுதிய நிரல்களை வெளியே பிரதி எடுத்த பின்னரே திரும்புங்கள்.

கவனிக்க வேண்டியவை

ஸ்னப்ஷொட்டும் அதே வன்தட்டில்தான் இருக்கிறது. வன்தட்டே பழுதானால் இரண்டும் போய்விடும். ஆகவே முக்கியமானவற்றை வேறொரு டிரைவிலும் வைத்திருங்கள். வீட்டுப் படங்கள் உள்ள கோப்புறையை மெய்நிகர் கணனியுடன் பகிர வேண்டாம். பகிர்ந்தால் வரம்பை வெட்டிவிட்டது போலாகும். மின்சாரம் நின்றால் பற்றரி முடியமுன் 'சேவ் ஸ்ரேற்' கொடுத்து மூடுங்கள். விட்ட இடத்திலிருந்தே தொடரலாம்.

தையல் பழகும் பிள்ளைக்கு முதல் நாளே கூறைச் சேலையை வெட்டக் கொடுப்பதில்லை. பழைய துணியைக் கொடுக்கிறோம். அதில் பிழையாக வெட்டினாலும் ஏசுவதில்லை, ஏனெனில் வெட்டித்தான் பழகவேண்டும். கணனி பழகும் எமது பெண்பிள்ளைகளுக்கும் அப்படியொரு துண்டு தேவை. ஒரே கணனி உள்ள வீட்டிலும் அதனை ஒதுக்கிக் கொடுக்க முடியும். "தொடாதை" என்று சொல்லமுன், அதற்கு ஒரு மாலைநேரம் செலவிட்டுப் பாருங்கள்.