பழைய காரும் எண்ணெய்க் கசிவும்

உத்தரபாராவில் அம்பாசடர் காரின் உற்பத்தி 2014-ஆம் ஆண்டு மே மாதத்தோடு நின்றுவிட்டது. ஆயினும், வெளியூரில் வாழும் நம்மவர் வீடுகள் சிலவற்றில் அவ்வண்டி இன்னும் குடும்பத்தில் ஒருவரைப் போலவே இருந்து வருகிறது. அதை வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் பழக்கமான தொல்லை ஒன்று உண்டு. காலையில் வண்டியை வெளியே எடுத்தால், நின்ற இடத்தில் கறுப்பாக எண்ணெய் சொட்டியிருக்கும்.

ஜாம்ஷெட்பூரில் நம் வீட்டில் உள்ளது 1984-ஆம் ஆண்டு வண்டி. 1489 கன சென்டிமீட்டர் பெட்ரோல் எஞ்சின். பல ஆண்டுகளாக இரண்டொரு துளி சிந்திக் கொண்டிருந்ததை நாம் பொருட்படுத்தவில்லை. சென்ற மழைக்காலத்தில் அது உள்ளங்கை அகலத்துக்குப் பரவிற்று. வாசலில் கோலமிடுபவர்களின் முணுமுணுப்பும் கூடவே வளர்ந்தது. மிஸ்திரி ஒருவரிடம் காட்டினோம். அவர் குனிந்து, எஞ்சினும் கியர் பெட்டியும் சேருமிடத்தின் அடியில் விரலை வைத்துப் பார்த்துவிட்டு, "பின் சீல் போய்விட்டது, சாப், எஞ்சினை இறக்கியாக வேண்டும்" என்றார். அவர் சொன்ன தொகை, வண்டியை விற்றால் கிடைக்கக்கூடியதில் பாதிக்கு மேல் இருந்தது. விற்றுவிடலாம் என்ற பேச்சு அன்றிரவே வீட்டில் எழுந்துவிட்டது. இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் மட்டும் தவணை கேட்டுக்கொண்டு, நாமே பார்ப்பது என்று இறங்கினோம்.

எண்ணெய் மேலிருந்து கீழே வழியும். விசிறியின் காற்றும், ஓட்டத்தின் காற்றும் அதைப் பின்னோக்கித் தள்ளும். ஆகவே முன்பக்கத்திலோ உச்சியிலோ கசிந்தாலும், எஞ்சினின் உடலோடு ஊர்ந்து சென்று, பின்னால் தாழ்ந்திருக்கும் மூலையிலிருந்துதான் அது சொட்டும். குற்றம் எவருடையதாயினும் பழி பின் பேரிங்கின் மேல் விழுவது இதனால்தான். மிஸ்திரி பொய் சொன்னார் என்று நாம் நினைக்கவில்லை. ஈரம் இருந்த இடத்தைக் காட்டினார்; அவ்வளவே.

முதலில், சொட்டுவது எஞ்சின் எண்ணெய்தானா என்று தெரிந்துகொள்ள வேண்டும். இரவில் வண்டியின் அடியில் வெள்ளைத் தாள்களை விரித்து வைத்தோம். கியர் எண்ணெயாயின் கெட்டியாக, காரமான நெடியுடன் இருக்கும். பிரேக் எண்ணெய் நீர்த்தது, பெயிண்டைத் தின்றுவிடும். அதுவாக இருந்தால் வண்டியை வெளியே எடுப்பதே கூடாது. நம் தாளில் விழுந்தது கறுத்த எஞ்சின் எண்ணெய்தான்.

அடுத்த வேலை சுத்தம் செய்வது. பல ஆண்டு அழுக்கின் மேல் புதிய கசிவைத் தேடுவது வீண். எஞ்சின் நன்றாக ஆறியபின், பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, டிஸ்ட்ரிபியூட்டரைப் பிளாஸ்டிக் உறையால் மூடி, மண்ணெண்ணெயும் தூரிகையுமாக அரை நாள் தேய்த்தோம். பிறகு துணியால் துடைத்து, மண்ணெண்ணெய் வாடை முற்றிலும் அகலும் வரை வெயிலில் விட்டோம். இதில் அவசரம் தீயில் கொண்டுபோய் விடும். உலர்ந்தபின் முகத்துக்குப் பூசும் பவுடரை எஞ்சின் முழுவதும் தூவினோம். (பவுடர் டப்பா யாருடையது என்பதைப் பற்றி இங்கே விவரிக்க விரும்பவில்லை.) ஐந்து கிலோமீட்டர் ஓட்டி வந்து, டார்ச் விளக்கும் சிறு கைக்கண்ணாடியும் கொண்டு மேலிருந்து கீழாகப் பார்த்தோம்.

உச்சியிலுள்ள ராக்கர் மூடியைச் சுற்றிப் பவுடர் வெண்மையாகவே இருந்தது. முன்புற டைமிங் மூடியில் இலேசான ஈரம். இடப்பக்கம், புகைபோக்கும் மானிஃபோல்டுக்கு அடியில், கண்ணாடியில் மட்டுமே தெரியக்கூடிய இடத்தில், கறுப்புக் கோடு ஒன்று புறப்பட்டுப் பின்னோக்கிச் சென்றது. தாப்பட்டுகளை மூடும் தகட்டு மூடிகள் இரண்டு அங்கே உண்டு. ஒவ்வொன்றையும் நடுவில் ஒரே ஒரு போல்ட்தான் பிடித்திருக்கிறது. ஓரத்தில் கார்க் கேஸ்கட். கோடு முன் மூடியிலிருந்து கிளம்பியிருந்தது.

இவ்விடத்தில் நம் தவறு ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். கண்டுபிடித்த மகிழ்ச்சியில் அந்த போல்ட்டை இன்னும் கால் சுற்று இறுக்கினோம். மறுநாள் கசிவு இரட்டித்தது! மூடி மெல்லிய தகடு. நடுவில் இறுக்க இறுக்க ஓரங்கள் மேலெழும்பும். நமக்கு முன்பும் யாரோ இப்படியே இறுக்கி வைத்திருக்கிறார்கள். கொல்கத்தாவுக்குச் சென்ற நண்பர் ஒருவர் மல்லிக் பஜாரிலிருந்து புதிய கேஸ்கட்டுகளை வாங்கி வந்தார். இரண்டாம் ஞாயிறன்று மானிஃபோல்டைக் கழற்றி, மூடிகளை எடுத்து, மரப்பலகையில் வைத்து மெல்லத் தட்டி ஓரங்களைச் சமனாக்கினோம். கார்க் சற்றே அமுங்கும் அளவுக்கு மட்டும் இறுக்கினோம்.

மூடியைக் கையில் எடுத்த பிறகுதான் மூல காரணம் அகப்பட்டது. எஞ்சின் ஓடும்போது பிஸ்டன் வளையங்களைத் தாண்டிச் சிறிது வாயு கீழே இறங்கும். அது வெளியேறுவதற்கென்று முன் மூடியில் ஒரு மூச்சுக் குழாய் இருக்கிறது. நம் வண்டியில் அது கரிச்சேற்றால் ஏறக்குறைய அடைத்துப் போயிருந்தது. வெயிட் துளை அடைத்த பிரஷர் குக்கரில் ஆவி எங்கே வழி தேடும் என்பது நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரியும். எஞ்சினிலும் அவ்வாறே, எங்கே மூட்டுத் தளர்ந்திருக்கிறதோ அங்கே எண்ணெயைத் தள்ளிக்கொண்டு வாயு வெளிவரும். குழாயை அடைத்தபடியே விட்டுப் புது கேஸ்கட் போட்டிருந்தால், அதுவும் சில மாதங்களில் கசிந்திருக்கும்.

மிஸ்திரி சொன்ன பின் சீலைப் பற்றியும் சொல்ல வேண்டும். பி.எம்.சி. வகையைச் சேர்ந்த இந்தப் பழைய எஞ்சினில் பின் பேரிங்குக்கு ரப்பர் சீல் என்பதே கிடையாது. கிராங்க் தண்டில் வெட்டிய திருகு வரை, தண்டு சுழலும்போது எண்ணெயை உள்ளே திருப்பி அனுப்புகிறது. வண்டி நின்றபின் ஓரிரு துளி விழுவது அதன் பிறவிக் குணம். உள்ளே வாயு அழுத்தம் ஏறினால் அந்த வழியும் பெருகும். குழாயைச் சுத்தம் செய்ததும் அங்கும் ஈரம் வெகுவாகக் குறைந்தது.

எஞ்சினை இறக்கத்தான் வேண்டும் என்ற நிலையும் உண்டு. மூச்சுக் குழாய் சுத்தமாக இருக்கும்போதே, எஞ்சின் மெதுவாக ஓடுகையில் எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று வருமானால், வளையங்கள் தேய்ந்துவிட்டன என்று கொள்ளலாம். பின்புறத்து எண்ணெய் கிளட்ச்சில் பட்டு, ஏற்றத்தில் கிளட்ச் வழுக்கினாலும் தள்ளிப்போடக் கூடாது. கசிவு எதுவாயினும் வாரந்தோறும் டிப்ஸ்டிக்கைப் பார்ப்பது அவசியம். அளவு மிகக் குறைந்து பேரிங் தீய்ந்தால், மிஸ்திரி சொன்ன தொகையே சிறியதாகத் தோன்றும்.

செலவு என்று பார்த்தால் கேஸ்கட்டுகளும், மண்ணெண்ணெயும், ஒரு பவுடர் டப்பாவுந்தான். விற்கும் பேச்சு இப்போது இல்லை. காலையில் ஒரு துளி இன்னும் விழுகிறது; அதற்காகப் பழைய தாம்பாளம் ஒன்றை அடியில் வைத்திருக்கிறோம்.