12 இறுதிப் போட்டிகள், 2 கோப்பைகள்: சேப்பாக்கத்தின் ரஞ்சிக் கணக்கு

மாநில அணிகள் மோதும் ரஞ்சிக் கோப்பை கிரிக்கெட் தொடரின் முதல் ஆட்டம் 1934 நவம்பர் 4 அன்று திருவல்லிக்கேணியை ஒட்டிய சேப்பாக்கம் மைதானத்தில் தொடங்கியது. அன்றே முடிந்தும் போனது. மைசூர் 48, சென்னை 130, மீண்டும் மைசூர் 59. சென்னைக்கு ஒரு இன்னிங்ஸ் மற்றும் 23 ஓட்டங்களில் வெற்றி. ஒரே நாளில் 30 விக்கெட்டுகள் விழுந்தன, 237 ஓட்டங்கள் வந்தன. விக்கெட் ஒன்றுக்கு 7.9 ஓட்டம். தொடரின் முதல் பந்தை வீசியவர் எம்.ஜே. கோபாலன். ஏ.ஜி. ராம்சிங் 19 ஓட்டங்களுக்கு 6, 16 ஓட்டங்களுக்கு 5 என்று மொத்தம் 35 ஓட்டங்களுக்கு 11 விக்கெட் எடுத்தார். மைசூர் இரண்டு இன்னிங்ஸிலும் சேர்த்து எடுத்த 107 ஓட்டங்களில் இது மூன்றில் ஒரு பங்கு. விழுந்த 20 விக்கெட்டுகளில் பாதிக்கு மேல்.

அந்த முதல் பருவத்தில் 15 அணிகள் ஆடின. இன்று 38 அணிகள். பாட்டியாலா மகாராஜா பூபிந்தர் சிங் அளித்த பொற்கோப்பையின் மதிப்பு 500 பவுண்டு. ரூபாய்க்கு 1 ஷில்லிங் 6 பென்ஸ் என்ற அந்நாளைய மாற்று விகிதத்தில் அது சுமார் 6,667 ரூபாய். 2020–21இல் பெருந்தொற்றால் தொடர் நடக்கவில்லை. அந்த ஓராண்டைக் கழித்தால் 2024–25 வரை 90 பருவங்கள் முடிந்திருக்கின்றன.

90 பருவங்களில் சென்னையும் அதன் தொடர்ச்சியான தமிழ்நாடும் இறுதிப் போட்டிக்கு வந்தது 12 முறை. வென்றது 1954–55, 1987–88 ஆகிய 2 முறை. தோற்ற ஆண்டுகள் 10: 1935–36, 1940–41, 1967–68, 1972–73, 1991–92, 1995–96, 2002–03, 2003–04, 2011–12, 2014–15. இறுதிக்கு வந்த பின் வெல்லும் விகிதம் 16.7 சதவீதம். அணி பலவீனமானது என்று சொல்லி இதைக் கடந்துவிட முடியாது. பலவீனமான அணி 12 முறை இறுதிக்கு வராது. கணக்கு கேட்கும் கேள்வி வேறு: இவ்வளவு தூரம் வந்த அணி கடைசி ஆட்டத்தில் மட்டும் ஏன் இத்தனை முறை தோற்றது?

90 பருவங்களை 1987–88 வெற்றியை எல்லையாக வைத்து இரண்டாகப் பிரிக்கலாம். அதுவரை 54 பருவங்கள்: 6 இறுதிகள், 2 கோப்பைகள். அதன் பின் 36 பருவங்கள்: 6 இறுதிகள், கோப்பை இல்லை. முதல் பகுதியில் 9 பருவங்களுக்கு ஒரு முறை இறுதிக்கு வந்த அணி, இரண்டாம் பகுதியில் 6 பருவங்களுக்கு ஒரு முறை வந்தது. வருவது கூடியது, வெல்வது நின்றது. 1988இல் சேப்பாக்கத்தில் கோப்பையைக் கண்டவருக்கு அப்போது 10 வயது என்றால், இன்று 47ஐத் தாண்டியிருக்கும். அவரைவிட இளையவர்களில் பெரும்பாலோருக்கு இந்த வெற்றி கேட்டறிந்த செய்தி மட்டுமே.

இது வெறும் துரதிர்ஷ்டமா என்பதைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. ஒவ்வொரு இறுதியையும் சரிபாதி வாய்ப்புள்ள நாணயச் சுண்டலாக எடுத்துக்கொண்டால், 12 சுண்டல்களில் 4,096 விதமான விளைவுகள் சாத்தியம். அவற்றில் வெற்றி 2 அல்லது அதற்கும் குறைவாக இருப்பவை 79. அதாவது 1.9 சதவீதம். ஐம்பதில் ஒன்றுக்கும் குறைவான வாய்ப்பு இது. துரதிர்ஷ்டம் என்ற ஒற்றைச் சொல் இந்த எண்ணைத் தாங்காது. ஆனால் இறுதிப் போட்டிகள் நாணயங்கள் அல்ல; எதிரில் யார் நின்றார்கள் என்று பார்க்காமல் இந்த 1.9ஐ நம்புவதும் தவறு.

எதிரில் நின்றவர்களில் பெரும்பங்கு பம்பாய். 10 தோல்விகளில் 5 அவர்களிடம்: 1935–36, 1967–68, 1972–73, 2002–03, 2003–04. மற்ற ஐந்தில் கர்நாடகம் 2, மகாராஷ்டிரம் 1, டெல்லி 1, ராஜஸ்தான் 1. 2024–25 வரை பம்பாய்–மும்பை அணி 48 இறுதிகளில் 42ஐ வென்றிருக்கிறது. நம்மோடு ஆடிய ஐந்தைக் கழித்துவிட்டாலும் 43இல் 37, அதாவது 86 சதவீதம். அத்தகைய அணியிடம் 5 இறுதிகளிலும் தோற்பதற்கான வாய்ப்பு 47 சதவீதம். இதில் வியப்பு ஏதுமில்லை. 1958–59 முதல் 1972–73 வரை அந்த அணி தொடர்ந்து 15 கோப்பைகளை வென்றது. அந்தப் பதினைந்தில் 2 நம்மைத் தோற்கடித்து வென்றவை.

பம்பாயை ஒதுக்கிவிட்டால் 7 இறுதிகள் மிஞ்சும். அவற்றில் 2 வெற்றி: 1954–55இல் ஹோல்கரையும் 1987–88இல் ரயில்வேயையும் வென்றோம். ஏழு நாணயங்களைச் சுண்டினால் இரண்டோ அதற்கும் குறைவோ வர 22.7 சதவீத வாய்ப்பு உண்டு. 1.9 இப்படி 22.7 ஆகிறது. ஆக, புதிரின் பெரும்பகுதியைப் பம்பாய் என்ற ஒரே பெயர் அவிழ்த்துவிடுகிறது. முழுவதையும் அல்ல.

முழுவதையும் அல்ல என்பதற்குச் சான்று பக்கத்து மாநிலம். மைசூர்–கர்நாடகம் 2024–25 வரை 14 இறுதிகள் ஆடி 8 கோப்பைகளை வென்றிருக்கிறது, 57.1 சதவீதம். அவர்களும் பம்பாயை இறுதியில் சந்தித்தது நம்மைப் போலவே 5 முறைதான். அவற்றில் 1982–83இல் மட்டும் வென்றார்கள். மற்ற 9 இறுதிகளில் அவர்கள் வென்றது 7, அதாவது 77.8 சதவீதம். நம் கணக்கில் அதே வரிசை 7க்கு 2, 28.6 சதவீதம். முதல் ஆட்டத்தில் 48க்கும் 59க்கும் சுருண்ட அணி நம்மைவிட நான்கு மடங்கு கோப்பைகளை வைத்திருக்கிறது. அந்த எட்டில் இரண்டு, 1995–96இலும் 2014–15இலும், நம் கையிலிருந்து போனவை. இந்தத் தொடரைப் பின்பற்றுபவன் என்ற முறையில் எனக்கு மிகவும் வலிப்பது இந்த ஒப்பீடுதான்.

சொந்த மண் என்ற விளக்கத்தையும் எண்கள் ஏற்கவில்லை. 12 இறுதிகளில் சென்னையில் நடந்தவை 6: 1940–41, 1972–73, 1987–88, 1995–96, 2003–04, 2011–12. வெளியூரில் நடந்தவையும் 6. இங்கே 1 வெற்றி, அங்கே 1 வெற்றி. பார்த்தசாரதி கோயில் தெருக்களிலிருந்து நடந்தே போகும் தொலைவில் ஆறு இறுதிகள் நடந்தும், இந்தூரிலும் டெல்லியிலும் பம்பாயிலும் ஆடியதைவிட ஒரு கோப்பைகூட அதிகமாக வரவில்லை.

அந்த ஆறில் 1972–73 தனியே பார்க்க வேண்டிய ஒன்று. சுழலுக்கு ஏற்ற ஆடுகளம் அது. எஸ். வெங்கட்ராகவன், வி.வி. குமார் இருவரும் நம் பக்கம் இருந்தார்கள். பம்பாய் 151, 113. தமிழ்நாடு 80, 61. தோல்வி 123 ஓட்டங்களில். ஆட்டம் மூன்றாம் நாள் முதல் பந்தில் முடிந்தது. நான்கு இன்னிங்ஸிலும் 40 விக்கெட்டுகளுக்கு 405 ஓட்டங்கள். விக்கெட் ஒன்றுக்கு 10.1. நம் சுழற்பந்து வீச்சில் குறை சொல்ல வழியில்லை: பம்பாயை இரண்டு முறையும் சேர்த்து 264க்குள் அடக்கினார்கள். குறை மட்டைப் பக்கம். பத்மாகர் சிவால்கர் 16 ஓட்டங்களுக்கு 8, 18 ஓட்டங்களுக்கு 5 என்று 34 ஓட்டங்களுக்கு 13 விக்கெட் எடுத்தார். விழுந்த 20 விக்கெட்டுகளில் 65 சதவீதம் அந்த ஒருவருடையது. இந்தியாவுக்காக ஒரு டெஸ்ட்கூட ஆடும் வாய்ப்பு அவருக்குக் கிடைக்கவில்லை.

எண்கள் சுட்டும் இடம் முதல் இன்னிங்ஸ். ரஞ்சி இறுதி டிராவில் முடிந்தால் முதல் இன்னிங்ஸில் முன்னிலை பெற்ற அணிக்கே கோப்பை. நம் 10 தோல்விகளில் ஆட்டமே தோற்றவை 5. 1935–36இல் 190 ஓட்டங்கள், 1940–41இல் 6 விக்கெட்டுகள், 1972–73இல் 123 ஓட்டங்கள், 2002–03இல் 141 ஓட்டங்கள், 2014–15இல் ஒரு இன்னிங்ஸ் மற்றும் 217 ஓட்டங்கள் என்ற வித்தியாசத்தில் தோற்றோம். எஞ்சிய 5 இறுதிகளில் (1967–68, 1991–92, 1995–96, 2003–04, 2011–12) ஆட்டம் டிரா. முதல் இன்னிங்ஸில் பின்தங்கியதால் கோப்பை போனது. சரிபாதித் தோல்விகள் கடைசி நாளில் நேர்ந்தவை அல்ல. இரு அணிகளும் ஒரு முறை ஆடி முடித்தபோதே தீர்மானமானவை.

வென்ற இரண்டையும் அருகே வைத்தால் இது தெளிவாகும். 1954–55இல் இந்தூரில் பாலு அழகணன் தலைமையில் சென்னை 478, 311. ஹோல்கர் 417, 326. மொத்த வித்தியாசம் 46 ஓட்டங்கள், முதல் இன்னிங்ஸ் முன்னிலை 61. அந்த 61 இல்லையென்றால் இந்த 46 இல்லை. அந்த ஆட்டத்தில் ஏ.ஜி. கிருபால் சிங் 75, 91 எடுத்தார். அணியின் 789 ஓட்டங்களில் 166, அதாவது 21 சதவீதம். 1934இல் 11 விக்கெட் வீழ்த்திய ராம்சிங்கின் மகன் இவர். 1987–88இல் சேப்பாக்கத்தில் எஸ். வாசுதேவன் தலைமையில் தமிழ்நாடு 709. ரயில்வே 317, 248. முன்னிலை 392, வெற்றி ஒரு இன்னிங்ஸ் மற்றும் 144 ஓட்டங்களில். இரு வெற்றிகளின் முதல் இன்னிங்ஸ் சராசரி 593.5.

தோல்விகளில் மூன்றை எடுத்துக்கொள்வோம். 1972–73இல் 80. 2011–12இல் ராஜஸ்தானின் 621க்கு எதிராக 295. 2014–15இல் மும்பை வான்கடே மைதானத்தில் 134. கர்நாடகம் அங்கே 762 குவித்தது, அதில் கருண் நாயர் மட்டும் 328. இம்மூன்றின் சராசரி 169.7. அதே 2014–15 ஆட்டத்தில் இரண்டாம் இன்னிங்ஸில் நாம் எடுத்தது 411. மூன்று மடங்கு. ஆடத் தெரியாத அணி 411 எடுக்காது. ஆனால் 134க்குப் பின் வந்த 411க்கு எந்தப் பயனும் இல்லை. மூன்று ஆட்டங்களை வைத்து விதி எழுத முடியாது என்றாலும், ஐந்து டிராக்களோடு சேர்த்துப் பார்க்கையில் அவை ஒரே திசையைக் காட்டுகின்றன.

இன்னொரு பத்தியையும் கணக்கில் சேர்க்க வேண்டும். முதல் இன்னிங்ஸ் என்பதே முழு ஆட்டமாக இருக்கும் குறுகிய வடிவங்களில் தமிழ்நாட்டின் வரலாறு தலைகீழ். 50 ஓவர் விஜய் ஹசாரே கோப்பை 5 முறை (2004–05இல் உத்தரப் பிரதேசத்துடன் பகிர்ந்தது உட்பட), 20 ஓவர் சையத் முஷ்டாக் அலி கோப்பை 3 முறை. இந்த எட்டும் 2002–03 முதல் 2021–22 வரையான 20 பருவங்களுக்குள் வந்தவை. அதே காலத்தில் ரஞ்சியில் 4 இறுதிகள், கோப்பை இல்லை. ஒரே சங்கம், ஒரே லீக், பெரும்பாலும் அதே வீரர்கள். ஒரு நாளில் முடியும் ஆட்டத்தில் வெல்பவர்கள் ஐந்து நாள் ஆட்டத்தில் வெல்லவில்லை.

பணம் எந்தப் பக்கம் இழுக்கிறது? 2023இல் கிரிக்கெட் வாரியம் ரஞ்சி வெற்றியாளருக்கான பரிசை 2 கோடி ரூபாயிலிருந்து 5 கோடியாகவும், இரண்டாம் இடத்துக்கு 1 கோடியிலிருந்து 3 கோடியாகவும் உயர்த்தியது. விஜய் ஹசாரே வெற்றிக்கு 1 கோடி, முஷ்டாக் அலி வெற்றிக்கு 80 லட்சம். பரிசு மட்டும் பேசினால் வாரியம் நீண்ட ஆட்டத்தின் பக்கம்தான் நிற்கிறது. வீரரின் கணக்கு வேறு. 40க்கு மேல் ஆட்டங்கள் ஆடிய மூத்த வீரருக்கு நாள் ஒன்றுக்கு 60,000 ரூபாய். லீக் சுற்றில் 7 ஆட்டங்கள், தலா 4 நாட்கள். பிறகு காலிறுதி, அரையிறுதி, இறுதி, தலா 5 நாட்கள். மொத்தம் 43 நாட்கள், 25.8 லட்சம் ரூபாய். ஒரு ஆட்டம் விடாமல் ஆடி, இறுதி வரை போனால் கிடைக்கும் உச்சத் தொகை இது. 2025 ஐ.பி.எல். ஏலத்தின் மிகக் குறைந்த அடிப்படை விலை 30 லட்சம். ஒரு பந்துகூட வீசாமல் பெஞ்சில் அமர்ந்திருப்பவருக்கும் அந்தத் தொகை உண்டு. இந்த 4.2 லட்ச வித்தியாசம்தான் கோப்பைகளைப் பறித்தது என்று சொல்ல மாட்டேன், ஐ.பி.எல். 2008இல்தான் பிறந்தது, நம் 10 தோல்விகளில் 8 அதற்கு முந்தியவை. 20 வயது மட்டையாளர் எந்த ஆட்டத்துக்குத் தன்னைத் தயார்படுத்திக்கொள்வார் என்பதில் மட்டும் அதற்குப் பங்கு உண்டு.

அண்மை ஆட்டங்களிலும் அதே முதல் இன்னிங்ஸ் கதைதான். 2024 மார்ச்சில் ஏழு ஆண்டுகளுக்குப் பின் தமிழ்நாடு அரையிறுதிக்கு வந்தது. எதிரில் மும்பை, ஆட்டமும் மும்பையில். அணித்தலைவர் ஆர். சாய் கிஷோர் அந்தப் பருவத்தில் 53 விக்கெட்டுகளுடன் நாட்டிலேயே முதலிடம் பிடித்தவர். தமிழ்நாடு முதல் இன்னிங்ஸில் 146. மும்பை ஒரு கட்டத்தில் 7 விக்கெட்டுக்கு 106. நம் 146ஐத் தொட இன்னும் 40 ஓட்டங்கள் தேவை, கையில் 3 விக்கெட்டுகள். அந்த 3 விக்கெட்டுகள் 272 ஓட்டங்களைச் சேர்த்தன. ஷார்துல் தாக்கூர் 109. மும்பை 378, அதில் 72 சதவீதம் ஏழாவது விக்கெட் விழுந்த பிறகு வந்தது. நாம் மீண்டும் ஆடி 162. தோல்வி ஒரு இன்னிங்ஸ் மற்றும் 70 ஓட்டங்களில். அடுத்த பருவம் நாகபுரியில் காலிறுதி: விதர்பா 353, 272, தமிழ்நாடு 225, 202. தோல்வி 198 ஓட்டங்களில்; அதில் 128 முதல் இன்னிங்ஸிலேயே போயிருந்தது.