'ஓனர் விலை' உண்மையிலேயே ஓனர் சொன்னதுதானா? தேனியில் வீடு வாங்கும் முன் இதைப் படிங்க!

'3 சென்ட், வடக்குப் பார்த்த வாசல், போர் வசதி, உடனடி கிரயம். ஓனர் விலை 42 லட்சம்!'

தேனியில் ஆரம்பித்து சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் வரை வாட்ஸ்அப் குரூப்களில் இந்த மாதிரி மெசேஜ்கள் நிறையவே சுற்றுகின்றன. 2022 மே மாதம் மதுரையிலிருந்து தேனிக்கும், 2023 ஜூனில் போடிக்கும் அகல ரயில் பாதையில் ரயில் வந்த பிறகு 'ஸ்டேஷன் பக்கம்' என்ற வார்த்தையும் சேர்ந்துகொண்டது.

புரோக்கர் கமிஷன் பொதுவாக 1 முதல் 2 சதவீதம். வாங்குபவர், விற்பவர் இருவரிடமும் வாங்குவது வழக்கம். 42 லட்சம் ரூபாய் வீட்டுக்கு 2 சதவீதம் என்றால் 84,000 ரூபாய். இது கண்ணுக்குத் தெரிகிற பணம்.

தெரியாத பணம் வேறு. "உங்க கைக்கு எவ்வளவு வரணும்?" என்று புரோக்கர் ஓனரிடம் கேட்பார். அவர் 38 லட்சம் என்பார். அதே வீடு வாங்குபவரிடம் வரும்போது 42 லட்சம் ஆகியிருக்கும். நடுவில் நிற்கும் 4 லட்சம் கமிஷனைப் போல நான்கு மடங்குக்கும் மேல். ஒருவர் கையில் வீடு, இன்னொருவர் கையில் பார்ட்டி என்று மூன்று புரோக்கர்கள் சேர்ந்தால் விலை இன்னும் ஏறும்.

எல்லா புரோக்கரும் அப்படியில்லை. சென்னையிலோ இடுக்கி ஏலத்தோட்டத்திலோ வேலை பார்ப்பவர் ஊரிலுள்ள அப்பா வீட்டை விற்க வேண்டுமென்றால், சாவி வாங்கி வைத்து பத்துப் பேருக்குத் திறந்து காட்டுவது அவர்தான். அந்த உழைப்புக்குக் கூலி நியாயம். ஓனர் தெரிந்தே 'மேலே வைத்து வித்துக்கோங்க' என்று சொல்லியிருந்தால் அது அவர்களுக்குள் ஒப்பந்தம். மறைத்தால்தான் சிக்கல்.

இது இன்று நேற்று வந்த பிரச்னையும் இல்லை. 1872-ம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 216-வது பிரிவு, நமக்காக வேலை செய்யும் ஏஜென்ட் நமக்குத் தெரியாமல் தனக்காக லாபம் பார்த்தால், அந்த லாபத்தை நாம் கேட்டு வாங்கலாம் என்கிறது. அதற்கு அந்தச் சட்டமே சொல்லும் உதாரணம்கூட ஒரு வீடுதான்!

'ரெரா இருக்கே?' என்பீர்கள். 2016-ல் வந்த அந்தச் சட்டப்படி, 500 சதுர மீட்டருக்கு (சுமார் 12 சென்ட்) மேற்பட்ட நிலத்தில் போடும் மனைப்பிரிவு, 8-க்கு மேற்பட்ட வீடுகள் கொண்ட அடுக்ககம் போன்ற புதிய திட்டங்களைப் பதிவு செய்ய வேண்டும். அவற்றை விற்கும் ஏஜென்ட்டும் பதிவு பெற வேண்டும். இல்லையென்றால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் வரை அபராதம். ஆனால், தெருவில் இருக்கும் ஒரு பழைய வீட்டைக் கைமாற்றும் புரோக்கருக்கு இந்தக் கட்டாயம் கிடையாது. நம் ஊர்ப்பக்கம் நடப்பதில் பெரும்பாலும் இந்த ரகம்தான்.

அதனால், கமிஷன் எவ்வளவு, யார் தருவது, எப்போது தருவது என்பதை வீடு பார்க்கும் முன்பே ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். பத்திரம் பதிவான அன்று முழுத் தொகை என்பது பாதுகாப்பு. அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஓனரை நேரில் பார்த்து விலையை அவர் வாயால் கேளுங்கள். 'ஓனர் வெளியூர், பேச முடியாது' என்றால் வீடியோ காலாவது போடச் சொல்லுங்கள். அதற்கும் மறுத்தால் வேறு வீடு பார்ப்பது நல்லது.

விற்பவர்களுக்கு ஆபத்து வேறு மாதிரி. 'அலைய வேண்டாம், பவர் எழுதிக் கொடுங்க' என்பார்கள். விற்கும் அதிகாரத்தோடு பவர் கொடுத்தால், அவர் என்ன விலைக்கு விற்றார் என்பது உங்களுக்குக் கடைசியில்தான் தெரியும். அட்வான்ஸை 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்காதீர்கள். வாங்கிய அதே தொகை அபராதமாக வரலாம்.

மனை விளம்பரத்தில் 'அப்ரூவல் அப்ளைடு' என்றால் மனு போட்டிருக்கிறார்கள், அனுமதி வரவில்லை என்று அர்த்தம். 'பஞ்சாயத்து அப்ரூவல்' மட்டும் போதாது, டி.டி.சி.பி அனுமதி எண்ணைக் கேளுங்கள்.

பட்ஜெட் போடும்போது முத்திரைத்தாள், பதிவுக் கட்டணம் சேர்த்து 9 சதவீதத்தையும் மறக்காதீர்கள். 10 லட்சம் ரூபாய் வரையிலான சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால், 2025 ஏப்ரல் முதல் 1 சதவீதம் குறைவு.

பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கத்தை இலவசமாகவே பார்க்கலாம். அட்வான்ஸுக்கு முன் ஒருமுறை, கிரயத்துக்கு முந்தின நாள் ஒருமுறை பாருங்கள். பதிவான அடமானமும் அக்ரிமென்ட்டும் அதில் தெரிந்துவிடும். வெறும் ஸ்டாம்ப் பேப்பரில் எழுதிப் பதியாமல் விட்ட அக்ரிமென்ட் தெரியாது. அதை ஓனரிடமும் பக்கத்து வீட்டுக்காரர்களிடமும்தான் விசாரிக்க வேண்டும்.