பழைய வன்தட்டை நம்பலாமா?

அரும்பொருள்களைப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டிய காலம் ஒன்றிருந்தது. இன்றோ திருமணப் படங்களும், குழந்தையின் மழலையும், மறைந்த பெரியோரின் குரலும் வன்தட்டு ஒன்றினுள் அடங்கிவிடுகின்றன. கடைகளில் 'ஹார்ட் டிஸ்க்' என வழங்குவது இதுவே.

நாமறிந்த இல்லமொன்றில் அண்மையில் நிகழ்ந்தது இது. கைத்தொலைபேசியில் இடம் போதாமையால், குடும்பத் தலைவர் பாவித்த வன்தட்டு ஒன்றை மலிவாக வாங்கினார். படங்களையும் ஒலிப்பதிவுகளையும் அதிற் சேர்த்தபின், தொலைபேசியில் இருந்தவற்றை அழித்துவிட்டார். மூன்றாம் மாதம் அது 'டிக் டிக்' என ஒலித்தது. பின்னர் திறக்கவே இல்லை. பாட்டியாரின் குரலும் அதனோடு போயிற்று. "பழையதை வாங்கியது என் பிழை" என அவர் வருந்தினார். பிழை அதுதானா?

வன்தட்டினுள் நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுழலும் தட்டுகள் உள்ளன. அவற்றின்மேல், மயிரிழையினும் மிக நுண்ணிய இடைவெளியில் வாசிக்கும் முனை மிதக்கிறது. ஓட ஓடத் தேய்வது இயல்பே. பாவித்தவையாய் விற்பனைக்கு வருவனவற்றுட் சில, பாதுகாப்புக் கமராவின் பதிவுப் பெட்டியில் இரவு பகலாக ஓடியவை. ஓய்வின்றி ஓராண்டு ஓடினால் 8,760 மணி நேரமாகும்.

இக்கணக்கை வன்தட்டே தன்னுள் குறித்து வைக்கிறது. 'ஸ்மார்ட்' எனப்படும் அக்குறிப்பை 'கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ' போன்ற இலவச மென்பொருளால் வாசிக்கலாம். வாங்குமுன் மூன்றைக் காட்டும்படி கடைக்காரரைக் கேட்க வேண்டும்: ஓடிய மணி நேரம், பழுதுற்று மாற்றப்பட்ட பகுதிகள், வாசிக்க இயலாது நிற்கும் பகுதிகள். பின்னிரண்டும் பூச்சியமாக இருத்தல் வேண்டும். இல்லையேல், எத்துணை மலிவாயினும் விட்டுவிடுக. வாங்கியபின், திருப்பிக் கொடுக்கும் தவணை கழியுமுன், தட்டு முழுவதும் எழுதி வாசித்துச் சோதித்தல் நன்று. 4 டெராபைட் அளவுடையதற்கு ஓர் இரவும் பகலும் செல்லலாம்.

எனினும் அக்குறிப்பும் முழுச் சான்றன்று. கூகுள் ஆய்வாளர் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட வன்தட்டுகளை ஆராய்ந்து 2007இல் அறிக்கை வெளியிட்டனர். பழுதுற்றவற்றுட் பாதிக்கு மேற்பட்டவை, முக்கியமான நான்கு அறிகுறிகளுள் ஒன்றையேனும் காட்டியிருக்கவில்லை. மேலும், 2025இல் ஜேர்மனியில் புதியனவென விற்கப்பட்ட வன்தட்டுகள் பல, மணிக்கணக்கு அழிக்கப்பட்ட பழையவை என வெளியாயிற்று.

அவ்வாறாயின் உண்மையிற் புதியதை வாங்கினால் அச்சமில்லையா? புதியதும் ஒருநாள் பழுதாகும். ஆதலின் 'இது நம்பத்தக்கதா?' என்பதிலும், 'இது போனால் வேறெங்கே உண்டு?' என வினவுவதே அறிவுடைமை. நம் முன்னோர் ஏடுகள் செல்லரிக்குமுன் பெயர்த்தெழுதி வைத்தனர். சிறுப்பிட்டி தந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையை அச்சேற்ற முடிந்ததும் அவ்வாறு எழுதிய பிரதிகள் எஞ்சியிருந்தமையாலன்றோ?

எனவே நம் முடிவு இது. சோதனையில் தேறிய பழைய வன்தட்டை இரண்டாம் அல்லது மூன்றாம் பிரதிக்குத் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஒரே பிரதிக்கு ஒருபோதும் ஆகாது. மூன்று பிரதிகள் இருக்கட்டும். அவை இருவகைச் சாதனங்களில் இருக்கட்டும். ஒன்று உறவினர் வீட்டிலோ இணையச் சேமிப்பிலோ இருக்கட்டும். ஆண்டுக்கு இருமுறையேனும் அவற்றைத் திறந்து பார்க்க வேண்டும்.

அந்தக் குடும்பத் தலைவரின் பிழை பழையதை வாங்கியதன்று. தொலைபேசியில் இருந்ததை அழித்ததே.