ஓவர்டைமும் குருதி அமுக்கமும்: மூன்று நாள் ஓய்வு காட்டிய அதிசயம்

கார்த்திகை, மார்கழி வந்தால் எமது சிகிச்சை நிலையத்தில் ஒரு கேள்விக்கு ஒரே பதில்தான் வரும். "எத்தனை மணித்தியாலம் நித்திரை கொள்கிறீர்கள்?" என்று கேட்டால், "இப்ப ஓவர்டைம் போகுது டொக்டர்" என்பார்கள். ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் உள்ள தொழிற்சாலைகளில் நத்தாருக்கு முன் வேலை குவிகிறது. ஒன்றரை மடங்கு சம்பளம். வீட்டுக் கடன், ஊரிலுள்ள தாய் தகப்பனுக்கு அனுப்பும் காசு, பிள்ளையின் பல்கலைக்கழகக் கட்டணம் எல்லாம் அந்த மேலதிக அரை மடங்கை நம்பித்தான் இருக்கின்றன. ஆகவே "ஓவர்டைம் செய்யாதீர்கள்" என்று நாம் எழுதப் போவதில்லை. நாமும் அகதியாக வந்து, பகலில் வைத்தியப் பரீட்சைக்குப் படித்து, இரவில் வேலைக்குப் போனவர்கள்தான்.

எம்மிடம் வரும் ஒருவரின் அனுபவத்தை, அவருடைய சம்மதத்துடன், அடையாளங்களை மாற்றித் தருகிறோம். நாற்பத்தாறு வயது. கேக் பொதி செய்யும் தொழிற்சாலையில் வேலை. ஒன்பது கிழமைகளாகக் கிழமைக்கு 66 மணித்தியாலம். இரண்டு தடவை அளந்தபோதும் குருதி அமுக்கம் 160க்கு மேல். சீனி வருத்தம் இருக்கவில்லை. குளிசை என்றதும் முகம் சுருங்கிவிட்டது. "தொடங்கினால் சாகும்வரை போட வேணுமாம்" என்றார். வீட்டில் ஒரு கிழமை அளந்து எழுதி வாருங்கள், பிறகு முடிவெடுப்போம் என்று அனுப்பினோம்.

அந்தக் கிழமை தொழிற்சாலையின் பெல்ட் அறுந்துவிட்டது. உதிரிப்பாகம் வர மூன்று நாள். அவருக்கு முதலில் சரியான எரிச்சல், மூன்று நாள் சம்பளம் போய்விட்டதே என்று. முதல் நாள் பதினொரு மணித்தியாலம் நித்திரை. எழும்பியதும் தலையிடி. இரண்டாம் நாள் மகளைப் பாடசாலையில் இருந்து கூட்டி வரப் போனாராம். "ஏன் அப்பா வந்தனீங்கள், ஆருக்கும் சுகமில்லையோ?" என்று பிள்ளை பயந்துவிட்டாள். (இதைச் சொல்லும்போது அவர் சிரித்தார், எமக்குச் சிரிப்பு வரவில்லை.)

கிழமை முடிவில் கொப்பியுடன் அளவுக் கருவியையும் பையில் போட்டுக்கொண்டு வந்தார். "டொக்டர், இந்த மெஷின் பிழை காட்டுது போல கிடக்கு. எனக்கு இவ்வளவு குறைய வராது." கடைசி மூன்று நாட்களின் சராசரி 136/84. எமது கருவியில் அளந்தோம்: 138/86. அவருடைய மெஷினில் ஒரு பிழையும் இல்லை.

நல்ல நித்திரையில் குருதி அமுக்கம் பகலைவிடப் பத்து முதல் இருபது சதவீதம் வரை இறங்கும். இரவு முழுக்க வேலை செய்து, பகலில் திரைச்சீலைக்குள் நான்கு மணித்தியாலம் புரண்டு படுப்பவருக்கு அந்த இறக்கம் ஒழுங்காகக் கிடைப்பதில்லை. இவருக்கு வேறு இரண்டு விடயங்களும் இருந்தன. நாரி நோவுக்கு நாள்தோறும் இபுபுரோஃபென் விழுங்கினார்; அது அமுக்கத்தை ஏற்றும், சிறுநீரகத்துக்கும் நல்லதல்ல. கண் மூடாமல் இருக்க ஒரு வேலை நேரத்துக்கு நான்கு 'டபுள் டபுள்' கோப்பி. வேலை நின்ற மூன்று நாளும் இரண்டுமே தேவைப்படவில்லை.

அந்தத் தலையிடியும் புதுமையல்ல. மன அழுத்தம் திடீரென்று இறங்கும்போது ஒற்றைத் தலையிடி வரும் வாய்ப்புக் கூடுகிறது என்று 2014இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. லீவு எடுத்தால் வருத்தம் வரும் என்று எம்மவர்கள் லீவையே பழிப்பது அநியாயம்.

ஆனால் 136/84 நல்ல இலக்கம் என்று நினைக்க வேண்டாம். கனடாவின் 2025ஆம் ஆண்டு வழிகாட்டியின்படி 130/80உம் அதற்கு மேலும் உயர் அமுக்கமே. இவருக்கு உடனே குளிசை தொடங்கவில்லை. மூன்று மாதம் தவணை கொடுத்திருக்கிறோம். ஏற்கெனவே குளிசை போடுபவர்கள் இதை வாசித்துவிட்டு நிறுத்தக் கூடாது. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் வெளியிட்ட கணக்கின்படி, கிழமைக்கு 35–40 மணித்தியாலம் வேலை செய்பவர்களைவிட, 55 மணித்தியாலமோ அதற்கு மேலோ செய்பவர்களுக்குப் பக்கவாத ஆபத்து 35 சதவீதம் அதிகம். எம் தெற்காசிய உடம்புக்கு இருதய நோயும் நீரிழிவும் இளவயதிலேயே வருவதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள்.

சட்டத்தையும் அறிந்து வைத்திருங்கள். ஒன்ராறியோவில் பெரும்பாலான வேலைகளில் 44 மணித்தியாலத்துக்கு மேல் ஒன்றரை மடங்குச் சம்பளம்; 48க்கு மேல் செய்விக்க உங்கள் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். நாளொன்றில் தொடர்ந்து 11 மணித்தியாலமும், கிழமையில் தொடர்ந்து 24 மணித்தியாலமும் (அல்லது இரண்டு கிழமையில் 48) ஓய்வு தரவேண்டும். சில தொழில்களுக்கு விலக்கு உண்டு. வாசிக்காமல் கையெழுத்து வைத்தவர்கள் எம்மிடையே நிறையப் பேர்.

வீட்டில் அளப்பவர்கள் ஐந்து நிமிடம் பேசாமல், கால்களை நிலத்தில் ஊன்றி, முதுகைச் சாய்த்து இருந்து, காலையில் இரண்டு தடவையும் மாலையில் இரண்டு தடவையும் ஏழு நாள் அளவுங்கள். முதல் நாள் கணக்கை விட்டுவிடலாம். பக்கத்தில் அன்று எத்தனை மணித்தியாலம் நித்திரை கொண்டீர்கள் என்றும் எழுதுங்கள். வரும்போது கொப்பியை மறக்காமல் கொண்டு வாருங்கள்.