கோழி பிறாண்டிய காலுக்குக் காபித்தூளா?

மழை நாள் ஒன்றில், புனேயின் போபோடியிலிருந்து அறுபது தாண்டிய அம்மா ஒருவர் மகன் தோளைப் பிடித்துக்கொண்டு ஔந்திலுள்ள என் கிளினிக்குக்கு வந்தார். புறங்கால் வீங்கிப் பளபளத்தது. அடைக்கோழி பிறாண்டி எட்டு நாள் ஆகியிருந்தது. முதல் நாள் மஞ்சளும் சுண்ணாம்பும். மூன்றாம் நாள் காபித்தூள். ஐந்தாம் நாள் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய ஆண்டிபயாட்டிக் மாத்திரை மூன்று. பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை இருப்பதை நான் கேட்ட பிறகுதான் சொன்னார். "கோழிதானே டாக்டர், இதுக்குப் போய் ஆஸ்பத்திரியா?" என்றார். காபித்தூள் பொருக்கை ஊறவைத்து எடுத்தபோது அடியில் சீழ் நின்றது.

போபோடி, கட்கி, பாணேர் பக்கமிருந்து இப்படி வருகிறவர்களைத் தொடர்ந்து பார்க்கிறேன். காம்பவுண்டு ஓரத்திலும் மொட்டை மாடியிலும் நாட்டுக்கோழி வளர்ப்பது நல்ல விஷயம். காயம் பட்டால் ஒரு வாரம் கழித்து வருவதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

சமையலறை மருந்துகள்

அஞ்சறைப்பெட்டி மஞ்சள், நாள்தோறும் கை படும் மஞ்சள். அதில் கிருமி இல்லை என்று யார் சொன்னது? சுண்ணாம்பு காரம், கிழிந்த தோலை மேலும் வேகவைக்கும். காபித்தூள் ரத்தத்தை உறைய வைப்பதுபோலத் தெரியும். உண்மையில் காயத்துக்கு மூடி போடுகிறது. சேவலின் கால்முள் குத்திய இடம் வெளியே அரிசி அளவுதான் இருக்கும், உள்ளே ஆழமாகப் போயிருக்கும். காற்றுப் புகாத அந்தக் குழிதான் டெட்டனஸ் கிருமிக்குப் பிடித்த இடம். சாணமும் மண்ணும் சாம்பலும் அப்புவது அந்தக் கிருமியைக் கையால் எடுத்து உள்ளே வைப்பதற்குச் சமம். ஸ்பிரிட் ஊற்றினால் எரியும். எரிந்தால் வேலை செய்கிறது என்று நம்புகிறார்கள். எரிவது ஆற வேண்டிய சதை.

மாத்திரை விஷயத்தில் எனக்குக் கோபமே வருகிறது. மூன்று மாத்திரை புண்ணை ஆற்றாது. வலியையும் வீக்கத்தையும் இரண்டு நாள் மந்தப்படுத்தி, நோயாளியை இன்னும் தாமதமாக என்னிடம் அனுப்பும், அவ்வளவுதான்.

நாய் ஊசியும் டி.டி. ஊசியும்

கோழி கொத்தியதற்கு வெறிநாய்க்கடி ஊசி கேட்டு வருகிறார்கள். ரேபிஸ் பாலூட்டிகளின் நோய், கோழியிடமிருந்து வராது. கோழியைக் காப்பாற்றப் போய் நாயின் பல்லோ பூனையின் நகமோ பட்டிருந்தால் கதை வேறு. அதை மறைக்காமல் சொல்லுங்கள்.

கேட்க வேண்டிய டெட்டனஸ் ஊசியான டி.டி.யை யாரும் கேட்பதில்லை. "துரு குத்தலையே டாக்டர்" என்கிறார்கள். கிருமி இருப்பது மண்ணிலும் எச்சத்திலும். நாள் முழுக்க அதைக் கிளறிய நகம்தான் உங்கள் காலில் பட்டிருக்கிறது. டெட்டனஸ் வந்தால், பெரும்பாலும் 3 முதல் 21 நாளுக்குள் தாடை இறுகத் தொடங்கும். தாய்க்கும் பச்சைக்குழந்தைக்கும் வரும் டெட்டனஸை இந்தியா ஒழித்துவிட்டதை உலக சுகாதார நிறுவனம் 2015-இல் உறுதி செய்தது. பள்ளி வயதோடு ஊசியை மறந்த ஆண்களுக்கும் பாட்டிகளுக்கும் அதில் பாதுகாப்பு இல்லை. அழுக்குக் காயமென்றால், கடைசி ஊசி போட்டு 5 வருடம் ஆகியிருந்தால் மறுபடி போட வேண்டும். சுத்தமான சிறு காயத்துக்கு 10 வருடம். சிறுவயதில் தடுப்பூசியே போடாதவருக்கு ஒரு ஊசி போதாது. அதே சமயம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை போட்டுக்கொள்ளவும் தேவையில்லை.

பறவைக் காய்ச்சல்

2006-இல் நம் மாநிலமான மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில் பறவைக் காய்ச்சல் தலைகாட்டியதிலிருந்து இந்தப் பயம் தீரவில்லை. ஆரோக்கியமான கோழியின் கீறலுக்காக அந்தப் பயம் வேண்டாம். கோழிகள் கொத்தாகச் சாகத் தொடங்கினால் வெறுங்கையால் தொடாதீர்கள், அறுத்துக் குழம்பு வைக்காதீர்கள். கால்நடை மருத்துவரிடம் சொல்லுங்கள். கால்நடைத் துறையின் நோய் கண்டறியும் ஆய்வகம் இதே ஔந்தில்தான் இருக்கிறது.

முதலில் செய்ய வேண்டியது

குழாயைத் திறந்து, சோப்புப் போட்டு, ஐந்து நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். சுத்தமான துணியால் அழுத்துங்கள். பொவிடோன் அயோடின் இருந்தால் தடவி, லேசாக மூடுங்கள்.

சர்க்கரை உள்ளவர்கள், விரல் மூட்டில் ஆழமாகக் குத்துப்பட்டவர்கள், சிவப்பு பரவுகிறவர்கள் அன்றே வர வேண்டும். சர்க்கரை அளவு பார்ப்போம், தேவையென்றால் எக்ஸ்ரே, சீழ் கல்ச்சர். கண்ணில் கொத்தியிருந்தால் தாய்ப்பால் விடாதீர்கள், கசக்காதீர்கள், அழுத்திக் கட்டாதீர்கள். நேரே கண் மருத்துவரிடம் போங்கள்.

காலில் நரம்பு சுருட்டிக்கொண்டவர்களை நினைத்தால் எனக்குப் பயம் அதிகம். ஆஸ்திரேலியாவில் முட்டை எடுக்கப் போன 76 வயதுப் பெண்மணியின் காலில், சுருண்ட ரத்தநாளத்தின் மேல் சேவல் கொத்தியது. ரத்தம் போயே அவர் இறந்தார். 2019-இல் தடயவியல் மருத்துவ இதழொன்றில் அது வெளியானது. அப்படி ரத்தம் பீறிட்டால் குழாயடிக்கு ஓடாதீர்கள். அங்கேயே படுத்து, காலை உயரத் தூக்கி, விடாமல் அழுத்தச் சொல்லுங்கள்.

உங்களிடம் கேட்டுக்கொள்வது

கூண்டுக்குள் வெறுங்காலோடு போகாதீர்கள். குஞ்சுகளோடு இருக்கும் கோழியின் அருகே பிள்ளைகளைக் குனிய விடாதீர்கள். அதன் அலகின் உயரத்தில்தான் அவர்கள் கண் இருக்கிறது. முரட்டுச் சேவலை வீட்டில் வைத்துக்கொண்டு "பழகிடும்" என்று சொல்லாதீர்கள். முட்டை எடுக்கப் போவது பெரும்பாலும் அம்மாவோ பாட்டியோதான். காலை மூடும் செருப்பு ஒன்றை வாங்கிக் கூண்டு வாசலில் வையுங்கள். அவர்கள் காலில் மஞ்சள் அப்பியிருப்பதைப் பார்த்தால், ஏன் என்று அன்றைக்கே கேளுங்கள்.