வானொலி வடிகட்டிகளை மாற்றும் முறை

உரிமம் பெற்ற வானொலி ஆர்வலர் தம் கையால் அமைக்கும் டிரான்ஸ்மிட்டர் 7 மெகாஹெர்ட்ஸில் இயங்குகிறது என்று கொள்வோம். வேண்டிய அலையோடு 14, 21 மெகாஹெர்ட்ஸ் முதலிய மடங்கலைகளும் உடன் பிறக்கின்றன. அவை ஏரியலை அடைந்தால் பிறருடைய செய்திகளுக்கு இடையூறாகும். ஆதலின் பெருக்கிக்கும் ஏரியலுக்கும் நடுவே, கம்பிச்சுருளும் மின்தேக்கியும் கொண்ட வடிகட்டி வைக்கப்படுகிறது. 2003 ஜனவரி 1க்குப் பின் நிறுவப்பட்ட, 30 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழ் இயங்கும் கருவிகளில் வேண்டாத அலை 43 டெசிபெல் தாழ்ந்திருக்க வேண்டும் என்பது அமெரிக்க விதி. அஃதாவது, முதன்மை அலையின் ஆற்றலில் ஏறத்தாழ இருபதாயிரத்தில் ஒரு பங்கே அதற்கு இருக்கலாம்.

ஒரே வடிகட்டி எல்லா அலைப்பட்டைகளுக்கும் உதவாது. 14 மெகாஹெர்ட்ஸுக்குரிய வடிகட்டி, 7 மெகாஹெர்ட்ஸின் இரண்டாம் மடங்கலையைத் தாராளமாக விட்டுவிடும். மாறாக, 7க்கு உரியதில் 14ஐச் செலுத்தினால் ஆற்றல் வெளியேற வழியின்றிப் பெருக்கிக்கே திரும்பும். முன்னது அயலாருக்குத் தீங்கு. பின்னது தனக்கே தீங்கு. எனவே பட்டைக்கொரு வடிகட்டி வைத்து, மின்காந்தத்தால் இயங்கும் ரிலே என்னும் சுவிட்சுகளால் மாற்றுகின்றனர்.

இடர் இம்மாற்றத்திலேதான் இருக்கிறது. 50 ஓம் ஏரியலுக்கு 100 வாட் செல்லும்போது ரிலே முனைகளில் 1.4 ஆம்பியர் பாய்கிறது. மின்னழுத்தத்தின் உச்சம் 100 வோல்ட். அந்நிலையில் முனைகள் பிரிந்தால் பொறி பறந்து அவை கருகும். அதனினும் கேடு ஒன்றுண்டு. பழைய வடிகட்டியை விட்டுப் புதியதைத் தொடும்வரை, சில மில்லிசெகண்டுகள், பெருக்கிக்கு ஏரியலே இல்லை. அப்போது டிரான்சிஸ்டர் தாங்கும் எல்லையை மின்னழுத்தம் கடந்துவிடலாம். சிறிய கருவிகளில் பலரும் விரும்பும் ஐஆர்எஃப் 510 டிரான்சிஸ்டருக்கு அவ்வெல்லை 100 வோல்ட். விலை மலிவு என்பதொன்றே ஆறுதல்!

ரயில் மேலே ஓடும்போது பாதையை மாற்றுவார் இல்லை. இங்கும் அதே முறைதான். பட்டை மாற்றும் குமிழைத் திருப்பியவுடன் அனுப்பும் விசை முதலில் அடைபட வேண்டும். அதன் பிறகே ரிலே மாற வேண்டும். சிறு ரிலே மாற 10 மில்லிசெகண்டு வரை ஆகலாம். மூடிய முனைகள் துள்ளி அடங்கவும் சற்று நேரம் வேண்டும். 30 மில்லிசெகண்டு கழித்து விசையைத் திறந்தால் போதும். இயக்குபவர் அத்தாமதத்தை உணரார்.

இவ்வரிசையை இன்று சிறு கணினிச் சில்லுகளே கவனிக்கின்றன. ஆனால், நிரல் நடுவில் நின்றுபோனால்? விசையின் மின்வழியை ரிலேயின் உபரி முனைகள் வழியே கொண்டுசெல்வது அதனினும் நம்பத்தக்கது. ரிலே மூடாதவரை விசையும் இயங்காது. முடிந்த கருவியை ஏரியலில் இணைக்குமுன், 50 ஓம் தடையொன்றில் குறைந்த ஆற்றலோடு ஒவ்வொரு பட்டையிலும் சோதிப்பது வழக்கம்.